உபுண்டுவோடு வந்த பைத்தான் 3.10-ஐத் தொடாமல் பக்கத்திலேயே 3.12 போடுவது எப்படி?

வேப்பம்பூ:
வணக்கம். என் லேப்டாப்பில் உபுண்டு 22.04 இருக்கிறது. பைத்தானை நான் தனியாக இன்ஸ்டால் செய்யவில்லை, டெர்மினலில் "பைத்தான்3 --வெர்ஷன்" என்று அடித்தால் 3.10.12 என்று காட்டுகிறது, உபுண்டுவோடு சேர்ந்தே வந்ததுதான். இதுவரை எல்லா வேலையும் அதிலேயே ஓடியது. இப்போது நண்பர்களோடு சேர்ந்து பழைய தமிழ்க் கட்டுரைகளைச் சொல் வாரியாகப் பிரித்துப் பார்க்கும் ஒரு புராஜெக்ட் செய்கிறோம், எழுத்துகளைப் பிரிக்க ஓப்பன்-தமிழ் லைப்ரரி, மற்றதெல்லாம் நாங்களே எழுதுவது. நண்பர் அனுப்பிய கோட் என் மெஷினில் முதல் வரியிலேயே இம்போர்ட் எரர் கொடுத்து நிற்கிறது. இட்டர்டூல்ஸில் இருக்கும் பேட்ச்டு என்ற ஃபங்ஷனைக் கேட்கிறது, அது 3.12-இல்தான் வந்ததாம்.

வீடியோக்களில் தேடினேன். ஒருவர் பழைய பைத்தானை ஆப்ட் (உபுண்டுவில் பேக்கேஜ்களைப் போடவும் நீக்கவும் உள்ள கருவி) ரிமூவ் போட்டு முழுசாக நீக்கிவிட்டுப் புதியதைப் போடச் சொல்கிறார். இன்னொருவர் நீக்க வேண்டாம், அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற கமாண்டால் பைத்தான்3 என்ற பெயரையே 3.12 பக்கம் திருப்பிவிடுங்கள் என்கிறார். செய்வதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன். எது சரி?

சர்வர்_அறை:
இரண்டுமே வேண்டாம் தம்பி. கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அது பெரிய விஷயம், பாதிப் பேர் செய்துவிட்டுத்தான் கேட்க வருகிறார்கள்.

முதலில் அந்த 3.10 உங்களுக்காக வைக்கப்பட்டது இல்லை, உபுண்டு தன் சொந்த வேலைக்காக வைத்திருப்பது. உபுண்டுவின் பல கருவிகள் பைத்தானில் எழுதப்பட்டவை. புது ரெப்பாசிட்டரி சேர்க்கும் ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி, தவறான கமாண்ட் அடித்தால் "இதை இன்ஸ்டால் செய்யலாம்" என்று சொல்கிறதே அந்த கமாண்ட்-நாட்-ஃபவுண்ட், பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகப் போடும் அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ், யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால், சாஃப்ட்வேர் அப்டேட்டர், இவை எல்லாமே. இவ்வளவு ஏன், 22.04-இல் நீங்கள் திறக்கும் டெர்மினலைத் தொடங்கி வைப்பதே ஒரு குட்டி பைத்தான் ஸ்கிரிப்ட்தான். நம்பிக்கை இல்லை என்றால்

ஹெட் -1 /யூஎஸ்ஆர்/பின்/ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி

என்று அடித்துப் பாருங்கள், முதல் வரியில் /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 என்று எழுதியிருக்கும். அந்தப் பாதையில் 3.10 இருக்கும் என்று நம்பித்தான் அந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஓடுகின்றன. இப்போது "ஆப்ட் -எஸ் ரிமூவ் பைத்தான்3" என்று அடியுங்கள். அந்த -எஸ் இருந்தால் ஒத்திகை மட்டும் நடக்கும், எதுவும் அழியாது, ஆனால் அதை விட்டுவிடாதீர்கள். கூடவே எதையெல்லாம் நீக்கப் போகிறது என்ற பட்டியல் வரும், அதில் டெஸ்க்டாப்பே இருக்கும். அந்த வீடியோவைப் பார்த்து இதை நிஜமாகச் செய்தவர்கள் மெஷினை ரீஸ்டார்ட் செய்ததும் வெறும் கறுப்புத் திரையில் லாகின் கேட்டு நிற்பதைத்தான் பார்ப்பார்கள்.

உங்களுக்குத் தேவையான வழி நேரானது. டெட்ஸ்நேக்ஸ் என்ற பிபிஏவில், அதாவது உபுண்டுவுக்கு வெளியே மற்றவர்கள் நடத்தும் பேக்கேஜ் ரெப்பாசிட்டரியில், உபுண்டுவில் இல்லாத பைத்தான் வெர்ஷன்களைப் பேக்கேஜாகக் கட்டி வைத்திருக்கிறார்கள்:

சூடோ ஆட்-ஆப்ட்-ரெப்பாசிட்டரி பிபிஏ:டெட்ஸ்நேக்ஸ்/பிபிஏ
சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3.12 பைத்தான்3.12-வென்வ் பைத்தான்3.12-டெவ்

இது முடிந்ததும் /யூஎஸ்ஆர்/பின் ஃபோல்டரில் பைத்தான்3.12 என்று ஒரு புதிய பெயர் வரும், பைத்தான்3 என்ற பெயர் பழையபடி 3.10-ஐயே காட்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடாது. அப்புறம் புராஜெக்ட் ஃபோல்டருக்குள் போய் ஒரு வென்வ், அதாவது இந்த புராஜெக்டின் லைப்ரரிகளுக்கென்று ஒரு தனி இடம், உண்டாக்குங்கள்:

பைத்தான்3.12 -எம் வென்வ் .வென்வ்
சோர்ஸ் .வென்வ்/பின்/ஆக்டிவேட்

இதற்குப் பிறகு அந்த டெர்மினலில் வெறுமனே பைத்தான் என்று அடித்தாலே 3.12 வரும். லைப்ரரிகளை இறக்கிப் போடும் பிப் என்ற கருவி கொண்டு போடுவதெல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே போகும்.

ஆலமரம்:
மேலே சொன்னது சரி, ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. உங்களுக்கு நிஜமாகவே 3.12 வேண்டுமா? இங்கே வந்து கேட்பவர்களில் நிறையப் பேருக்குத் தேவை புதிய லைப்ரரிதான், புதிய பைத்தான் இல்லை. லைப்ரரி பிரச்சினை என்றால் இருக்கிற 3.10-இலேயே ஒரு வென்வ் போட்டால் தீர்ந்துவிடும். 3.10-க்குப் பைத்தான் குழு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் தருகிறது, உபுண்டுவும் 22.04-க்குத் தன் பங்குக்கு 2027 வரை தருகிறது. வேலை செய்கிற ஒன்றைப் புது வெர்ஷன் வந்துவிட்டது என்பதற்காகவே மாற்றுவது எனக்குப் பிடிக்காது.

வேப்பம்பூ:
அதையும் யோசித்தேன் ஐயா. பேட்ச்டு மட்டும் என்றால் ஒரு சின்ன ஃபங்ஷன் நாமே எழுதிவிடலாம். ஆனால் நண்பர் எஃப்-ஸ்டிரிங்குக்குள் அதே மேற்கோள்குறியை மறுபடியும் பயன்படுத்துவது, டைப் என்று தொடங்கும் வரிகள் என்று 3.12-இன் இலக்கணத்திலேயே நிறைய எழுதியிருக்கிறார். 3.10 அதையெல்லாம் சின்டாக்ஸ் எரர் என்கிறது. எல்லாவற்றையும் அவர் திருத்தி எழுதுவதைவிட நான் 3.12 போடுவது நியாயம் என்று படுகிறது.

இன்னொரு சந்தேகம். 3.10-இல் வென்வ் போட்டு, அதற்குள் போய் 3.12-க்கு அப்கிரேட் செய்ய முடியாதா?

ஆலமரம்:
அப்படியென்றால் சரி, 3.12 தேவைதான்.

வென்வ் பற்றிய சந்தேகத்துக்கு: முடியாது. வென்வ் என்பது தனிப் பைத்தான் இல்லை. எந்தப் பைத்தானைக் கொண்டு அதை உண்டாக்கினீர்களோ அதற்கு ஒரு லிங்க், லைப்ரரிகளுக்குத் தனி ஃபோல்டர், அவ்வளவுதான். உள்ளே பைவென்வ்.சிஎஃப்ஜி என்று ஒரு சின்ன ஃபைல் இருக்கும், திறந்து பாருங்கள், ஹோம் என்ற வரியில் எந்தப் பைத்தானிலிருந்து பிறந்தது என்று எழுதியிருக்கும். ஆகவே 3.12 எங்காவது ஓரிடத்தில் இருந்தால்தான் 3.12 வென்வ் போட முடியும்.

தேன்சிட்டு:
நான் டெட்ஸ்நேக்ஸைச் சொல்லமாட்டேன், பைத்தானையும் வென்வையும் போட்டுத் தரும் யூவி என்ற கருவியைப் போடுங்கள் என்பேன். 2024 தொடக்கத்தில் வந்தது, ரஸ்டில் எழுதப்பட்டது, ஒரே பைனரி, ரூட் அனுமதியே வேண்டாம்.

யூவி பைத்தான் இன்ஸ்டால் 3.12
யூவி வென்வ் --பைத்தான் 3.12

முன்கூட்டியே கட்டிய பைத்தானை இறக்கி உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துக்கொள்ளும், /யூஎஸ்ஆர் பக்கமே போகாது. நாளைக்கு 3.13 வேண்டுமென்றால் அதே கமாண்டில் நம்பர் மட்டும் மாறும். வேண்டாமென்றால் அன்இன்ஸ்டால், ஒரு தடயமும் மிஞ்சாது. கல்லூரி லேப் மெஷின், அலுவலக மெஷின் என்று சூடோ கையில் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இப்போது இல்லை.

இதற்கு முன்னால் எல்லாரும் பைஎன்வ் என்றுதான் சொல்வார்கள், நானும் நெடுநாள் அதைத்தான் வைத்திருந்தேன். நல்ல கருவிதான், ஆனால் அது பைத்தானை சோர்ஸிலிருந்து உங்கள் மெஷினிலேயே கம்பைல் செய்யும். அதற்கு லிப்எஸ்எஸ்எல்-டெவ், ஜெட்லிப்1ஜி-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ், லிப்பிஇசட்2-டெவ் என்று ஒரு வரிசை முதலிலேயே இருக்க வேண்டும். சிலது இல்லாவிட்டால் கம்பைல் நிற்காது, முடிந்த மாதிரியே தெரியும், பிறகு ஒரு நாள் எஸ்க்யூலைட் மாட்யூலே இல்லை என்று எரர் வரும்போதுதான் தெரியும். புதிதாக வருகிறவரை அந்த வழியில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சர்வர்_அறை:
யூவி நல்ல கருவி, மறுக்கவில்லை. லேப்டாப்புக்கு அதுவே போதும். ஆனால் சர்வரில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஹோம் ஃபோல்டருக்குள் யாரோ இறக்கி வைத்த பைத்தானுக்குள் ஒரு பாதுகாப்பு ஓட்டை வந்தால் ஆப்ட் அதைச் சரி செய்யாது, அப்படி ஒன்று அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது. போட்டவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அது அப்படியே கிடக்கும். ஆப்ட் வழியாக வந்ததென்றால் மற்றவற்றோடு அதுவும் புதுப்பிக்கப்படும்.

தேன்சிட்டு:
அந்த வாதம் உபுண்டுவின் சொந்தப் பேக்கேஜுக்குப் பொருந்தும், டெட்ஸ்நேக்ஸுக்கு எப்படிப் பொருந்தும்? அது உபுண்டு பாதுகாப்புக் குழுவின் கையில் இல்லை. திருத்தங்கள் உரிய நேரத்தில் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்று அந்த பிபிஏ பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதோடு அன்அட்டெண்டெட்-அப்கிரேட்ஸ் பிபிஏக்களைத் தானாகத் தொடாது, உபுண்டுவின் பாதுகாப்பு ரெப்பாசிட்டரியை மட்டும்தான் பார்க்கும், நீங்கள் கான்ஃபிக் ஃபைலில் சேர்த்தால் தவிர. ஆக இரண்டிலும் கவனித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

சர்வர்_அறை:
அந்தப் புள்ளியை ஒப்புக்கொள்கிறேன். என்னுடைய சர்வர்களில் அந்த ஃபைலில் பிபிஏவைச் சேர்த்து வைத்திருப்பதால் நான் அந்தக் கோணத்தில் பேசினேன், எல்லாரும் சேர்ப்பதில்லை என்பது உண்மை. அப்படியானால் சர்வருக்குச் சுத்தமான வழி, ஒரு புரோகிராமை அதற்கு வேண்டியவற்றோடு தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர்தான், பைத்தான் 3.12-ஸ்லிம் இமேஜை எடுத்து அதற்குள் ஓட்டினால் ஹோஸ்டின் பைத்தான் எதுவாக இருந்தாலும் கவலை இல்லை, இமேஜைப் புதிதாக இழுத்துக் கட்டுவதை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். வேப்பம்பூ, இது உங்களுக்கு இல்லை, உங்கள் வேலைக்கு இது தேவையே இல்லை.

நுணல்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், இதோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதால் இங்கேயே கேட்கிறேன். வேறொருவர் பயன்படுத்திய ஒரு மெஷின் என் கைக்கு வந்திருக்கிறது, இதுவும் 22.04. டெர்மினல் ஐகானை அழுத்தினால் ஒரு நொடி சுற்றிவிட்டு ஒன்றும் வருவதில்லை. விஎஸ் கோடுக்குள் இருக்கும் டெர்மினல் திறக்கிறது. அதில் ஆப்ட் அப்டேட் ஓட்டினால் கடைசியில் "ஆப்ட்_பிகேஜி என்ற மாட்யூல் இல்லை" என்று வருகிறது. பைத்தான்3 --வெர்ஷன் 3.12 என்கிறது. தேடிப் பார்த்தால் /யூஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3/டிஸ்ட்-பேக்கேஜஸ் ஃபோல்டரில் 310 என்று பெயர் இருக்கும் .எஸ்ஓ ஃபைலை 312 என்று பெயர் மாற்றிக் காப்பி செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

சர்வர்_அறை:
செய்யாதீர்கள். நல்ல உதாரணம் வந்திருக்கிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வேப்பம்பூ நீங்களும் படியுங்கள், அந்த இரண்டாவது வீடியோ சொன்னதை யாரோ இந்த மெஷினில் செய்திருக்கிறார்.

அந்த டிஸ்ட்-பேக்கேஜஸ் ஃபோல்டர் எல்லா பைத்தான் 3 வெர்ஷன்களுக்கும் பொது. அதில் வெறும் .பிஒய் ஃபைல்கள் இருந்தால் எந்த வெர்ஷனும் படித்துவிடும். ஆனால் ஆப்ட்_பிகேஜி, உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்நோமோடு பேசும் ஜிஐ போன்றவை சி அல்லது சி++-இல் எழுதி, குறிப்பாக 3.10-க்கு என்று கம்பைல் செய்யப்பட்டவை. ஃபைல் பெயரிலேயே சிபைத்தான்-310 என்று இருப்பது அதனால்தான். 3.12 அந்த ஃபோல்டருக்குள் வந்து 312 என்ற பெயரைத் தேடுகிறது, காணவில்லை, "மாட்யூல் இல்லை" என்கிறது. டெர்மினலைத் தொடங்கும் ஸ்கிரிப்ட் ஜிஐ-யை இம்போர்ட் செய்கிறது, அங்கேயே விழுகிறது, எரரைக் காட்டக்கூட ஜன்னல் இல்லாததால் உங்களுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. டப்பாவின் லேபிளை மாற்றி ஒட்டினால் உள்ளே இருக்கும் மருந்து மாறாது. பெயர் மாற்றினால் சில நேரம் ஓடுவது போலவும் இருக்கும், ஆனால் 3.10-இன் உள்ளமைப்பை நம்பிக் கம்பைல் செய்த ஒன்று 3.12-க்குள் எந்த இடத்தில் கிராஷ் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதுவும் பேக்கேஜ்களைக் கையாளும் கருவியில் அது நடக்கக் கூடாது.

நல்ல வேளையாக ஆப்ட் தானே சி++-இல் எழுதப்பட்டது, அதனால் அது இன்னும் வேலை செய்யும். நீங்கள் பார்த்த எரர், அப்டேட் முடிந்த பிறகு கமாண்ட்-நாட்-ஃபவுண்டின் பட்டியலைப் புதுப்பிக்க ஓடும் பைத்தான் ஸ்கிரிப்டிலிருந்து வருவது. விஎஸ் கோட் டெர்மினல் இருக்கிறதே, அதிலேயே செய்யலாம். அதுவும் இல்லாதவர்கள் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரையில் லாகின் வரும், அங்கே செய்யலாம்.

எல்எஸ் -எல் /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3

இது /ஈடிசி/ஆல்டர்னேட்டிவ்ஸ் பக்கம் காட்டினால்

சூடோ அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் --ரிமூவ்-ஆல் பைத்தான்3
சூடோ எல்என் -எஸ்எஃப் பைத்தான்3.10 /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் பைத்தான்3-மினிமல் பைத்தான்3-ஆப்ட்

முதல் கமாண்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் பைத்தான்3 என்ற பெயரே இல்லாமல் போகலாம், பயப்பட வேண்டாம், அடுத்த வரி அதைத் திரும்ப வைத்துவிடும். 3.10 என்பது 22.04-க்கு. இதைப் படிக்கும் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு காப்பி செய்ய வேண்டாம், 20.04 என்றால் 3.8, 24.04 என்றால் 3.12.

ஆலமரம்:
இதற்குக் காரணம் அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் என்ற கருவி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடிட்டர், ஜாவா போன்றவற்றுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். டெபியனும் உபுண்டுவும் பைத்தான்3 என்ற பெயரை அந்த ஏற்பாட்டுக்குள் வேண்டுமென்றே வைக்கவில்லை. அப்படி விட்டதற்குக் காரணம் மேலே சொன்னதுதான். இது தெரியாமல் அந்த வீடியோக்காரர்கள் கையால் ஒரு பதிவை உண்டாக்கி அதற்குள் நுழைக்கிறார்கள்.

சர்வர்_அறை:
இது உபுண்டுவோடு பிறந்த வியாதியும் இல்லை. சென்ட்ஓஎஸ் 7 என்ற இன்னொரு லினக்ஸின் காலத்தில் அதன் பேக்கேஜ் கருவியான யம் பைத்தான் 2.7-இல் ஓடியது. பைத்தான் என்ற பெயரை 3 பக்கம் திருப்பியவர்கள் அடுத்த தடவை யம் என்று அடித்ததும் கீபோர்ட்இன்டரப்ட் வரியில் சின்டாக்ஸ் எரர் வந்து நிற்கும், ஏனென்றால் எக்செப்ட் வரியில் கமா போடும் பழைய இலக்கணம் 3-இல் இல்லை. பேக்கேஜ் கருவியே படுத்துவிட்டது, இனி எதைக் கொண்டு சரி செய்வது? எத்தனை ராத்திரி இப்படிப் போயிருக்கும் தெரியுமா. அதற்குப் பிறகு ரெட் ஹாட் 2019-இல் ஆர்ஹெச்இஎல் 8 கொண்டு வந்தபோது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். சிஸ்டத்துக்கான பைத்தானை பிளாட்ஃபார்ம்-பைத்தான் என்று பெயர் வைத்து /யூஎஸ்ஆர்/லிபெக்செக் என்ற ஓரமான ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டார்கள். சிஸ்டம் கருவிகள் அதைப் பார்க்கும், பைத்தான்3 என்ற பெயரை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், உபுண்டுவும் இதையே செய்திருக்க வேண்டும். ஒரே பெயரைச் சிஸ்டமும் மனிதர்களும் பங்கு போட்டுக்கொள்ளும்வரை இந்தக் கேள்வி இங்கே வந்துகொண்டேதான் இருக்கும்.

கருங்குருவி:
மேக் வைத்திருப்பவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பைத்தான், ரூபி, பெர்ல் எல்லாம் பழைய சாஃப்ட்வேருக்காகத்தான் வைத்திருக்கிறோம், இனி வராமல் போகலாம் என்று ஆப்பிள் 2019-இல் கேட்டலினா வந்தபோதே எழுதிவிட்டது. 2022-இல் வந்த 12.3-இல் பைத்தான் 2.7-ஐ எடுத்தும்விட்டது. இப்போது /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 என்று இருப்பது எக்ஸ்கோடின் கமாண்ட் லைன் டூல்ஸ் போட்டால் வருவது. அதை மாற்ற நினைத்தாலும் முடியாது, 2015-இல் எல் கேப்பிடனோடு வந்த சிஸ்டம் பாதுகாப்பு /யூஎஸ்ஆர்/பின்னுக்குள் ரூட்டைக்கூட எழுத விடாது. அதனால் மேக்கில் மெஷினே படுத்துவிடும் ஆபத்து இல்லை, ஆனால் குழப்பத்துக்குக் குறைவே இல்லை. ஹோம்ப்ரூ கொண்டு ஒன்று, பைத்தான்.ஓஆர்ஜி தளத்திலிருந்து ஒன்று, கோண்டா ஒன்று என்று ஆளுக்கு நாலு பைத்தான் இருக்கும், எது ஓடுகிறது என்றே தெரியாது.

டைப் -ஏ பைத்தான்3

இதை அடித்தால் பாத் வரிசையில், அதாவது கமாண்டைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலில், எத்தனை பைத்தான்3 இருக்கின்றன என்று எல்லாம் வரும், மேலே இருப்பதுதான் ஓடும். ஹோம்ப்ரூ எம்1-க்குப் பிந்தைய மேக்குகளில் /ஓப்ட்/ஹோம்ப்ரூவிலும், பழைய இன்டெல் மேக்குகளில் /யூஎஸ்ஆர்/லோக்கலிலும் வைக்கும். ஹோம்ப்ரூவின் வெறும் பைத்தான்3-ஐ நம்பி புராஜெக்ட் வைக்காதீர்கள், அது அதன் மற்றப் பேக்கேஜ்களுக்காகவும் இருப்பது, ஒரு அப்கிரேடில் 3.12 இருந்த இடத்தில் 3.13 வந்து நிற்கும்.

தேன்சிட்டு:
டைப் -ஏ லினக்ஸிலும் அப்படியே வேலை செய்யும். கோண்டா என்றதும் நினைவுக்கு வந்தது, அனகோண்டா போட்டவர்களுக்கு ஒவ்வொரு டெர்மினலிலும் பேஸ் என்பது தானாக ஆக்டிவேட் ஆகி நிற்கும், சிஸ்டம் பைத்தானை மறைத்துக்கொண்டு. ஆட்டோ_ஆக்டிவேட்_பேஸ் என்பதை ஃபால்ஸ் என்று வைத்தால் தொல்லை விட்டது.

நுணல்:
சர்வர்_அறை அண்ணா, நீங்கள் சொன்ன கமாண்டுகளை வரிசையாகக் கொடுத்தேன். டெர்மினல் திறந்துவிட்டது, ஆப்ட் அப்டேட்டும் சத்தமில்லாமல் முடிந்தது, மிக்க நன்றி. ஆனால் முன்னால் இருந்தவர் வைத்துவிட்டுப் போன ஸ்கிரிப்டுகள் சில இப்போது ஓடவில்லை. எல்லாவற்றின் முதல் வரியிலும் /யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைத்தான்3 என்று இருக்கிறது, அவை 3.12-ஐ எதிர்பார்க்கின்றன.

ஆலமரம்:
அவற்றுக்கென்று ஒரு வென்வ் போடுங்கள், ஹோம் ஃபோல்டருக்குள் எங்காவது, பைத்தான்3.12 கொண்டு. வேண்டிய லைப்ரரிகளை அதில் இன்ஸ்டால் செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரியிலும் அந்த வென்வுக்குள் இருக்கும் பின்/பைத்தானின் முழுப் பாதையை எழுதிவிடுங்கள். என்வ் பைத்தான்3 என்றால் பாத் வரிசையில் முதலில் எது கிடைக்கிறதோ அதை எடு என்று அர்த்தம். உங்கள் கைக்கு வந்த மெஷினில் அதை நம்ப முடியாது.

இதே காரணத்துக்காகத்தான் சோர்ஸிலிருந்து கம்பைல் செய்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடைசியில் மேக் இன்ஸ்டால் போடாதீர்கள், மேக் ஆல்ட்இன்ஸ்டால் போடுங்கள். முதலாவது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்னுக்குள் பைத்தான்3 என்ற பெயரையும் சேர்த்து வைத்துவிடும், பாத் வரிசையில் அந்த ஃபோல்டர் /யூஎஸ்ஆர்/பின்னுக்கு முன்னால் இருப்பதால் என்வ் என்று எழுதிய எல்லாமே அந்தப் பக்கம் போய்விடும். ஆல்ட்இன்ஸ்டால் பைத்தான்3.12 என்ற பெயரை மட்டும் வைக்கும்.

வேப்பம்பூ:
டெட்ஸ்நேக்ஸ் வழியில் போட்டுவிட்டேன், .வென்வ் உண்டாக்கி ஓப்பன்-தமிழும் இன்ஸ்டால் ஆனது, நண்பரின் கோட் ஓடுகிறது. பைத்தான்3 இன்னும் 3.10.12 என்றுதான் காட்டுகிறது. எல்லாருக்கும் நன்றி.

எங்கள் குழுவில் இன்னொரு நண்பர் 24.04 வைத்திருக்கிறார், அவருக்கு 3.12 ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் பிப் இன்ஸ்டால் போட்டால் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று எரர். அந்த எரரிலேயே பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்று ஒரு ஆப்ஷன் சொல்கிறது. அதைப் போட்டால் போய்விடுகிறதாம். போடலாமா? இல்லை சூடோ பிப் போடலாமா?

தேன்சிட்டு:
வேண்டாம், அவரையும் உங்களைப் போலவே ஒரு வென்வ் போடச் சொல்லுங்கள், பைத்தான்3 -எம் வென்வ் போதும், அவருடையது 3.12 தானே. பைத்தான்3-வென்வ் பேக்கேஜ் இல்லை என்று சொன்னால் ஆப்ட் கொண்டு அதைப் போட வேண்டும், டெபியன், உபுண்டு இரண்டிலும் அது தனியாகத்தான் இருக்கும்.

அந்த எரர் பெப் 668 என்ற தீர்மானத்தால் வருவது, டெபியன் 12-உம் உபுண்டு 23.04-உம் 2023-இல் அதை ஏற்றுக்கொண்டன. சிஸ்டம் பைத்தான் ஃபோல்டருக்குள் ஒரு அடையாள ஃபைல் வைத்திருப்பார்கள், பிப் அதைப் பார்த்ததும் "இது ஆப்ட்டின் இடம், நான் கை வைக்கமாட்டேன்" என்று நின்றுவிடும். பலருக்கு இது எரிச்சல், எனக்கு இது பல வருடம் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய ஒன்று.

சர்வர்_அறை:
சூடோ பிப் ஏன் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன், இது 22.04-க்கும் பொருந்தும், அங்கே அந்தத் தடை இல்லாததால் இன்னும் ஆபத்து. சூடோ பிப் போடும் லைப்ரரி /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்புக்குள் போகும். சிஸ்டம் பைத்தான் லைப்ரரி தேடும்போது ஆப்ட் வைத்ததற்கு முன்னால் அந்த இடத்தைத்தான் பார்க்கும். நீங்கள் உங்கள் வேலைக்காக ஒரு புதிய ரிக்வெஸ்ட்ஸோ பைஎமலோ போட்டிருப்பீர்கள், உபுண்டுவின் ஏதோ ஒரு கருவி பழைய வெர்ஷனை எதிர்பார்த்து எழுதப்பட்டிருக்கும், அது உங்களுடையதை எடுத்துக்கொண்டு விழும். விழுவது உங்கள் புராஜெக்ட் இல்லை என்பதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கமாட்டார்கள், காரணம் தேடி அலைவார்கள். கமாண்டாக மட்டும் பயன்படுத்தும் கருவி ஏதாவது வேண்டுமென்றால் பிப்எக்ஸ் போடுங்கள், அது ஒவ்வொன்றுக்கும் தனி வென்வ் வைத்துக்கொள்ளும்.

வேப்பம்பூ:
புரிகிறது அண்ணா. கடைசியாக இரண்டு கேள்வி. இந்த ஸ்கிரிப்டை ராத்திரி தானாக ஓட க்ரானில் போட வேண்டும், அங்கே ஆக்டிவேட் செய்வது எப்படி? இன்னொன்று, நானும் 24.04-க்குப் போனால் இந்த 3.12 என்ன ஆகும்?

ஆலமரம்:
க்ரானில் ஆக்டிவேட் வேண்டியதில்லை. ஆக்டிவேட் செய்கிற முக்கிய வேலை வென்வின் பின் ஃபோல்டரைப் பாத் வரிசையில் முன்னால் கொண்டு வருவது, அவ்வளவுதான். க்ரானில் பாத் வரிசையே மிகச் சின்னது, /யூஎஸ்ஆர்/பின்னும் /பின்னும் மட்டும் இருக்கும். அதனால் வரியில் முழுப் பாதையாக, ஹோமிலிருந்து தொடங்கி புராஜெக்ட், .வென்வ்/பின்/பைத்தான் என்று எழுதி, அடுத்து ஸ்கிரிப்டின் முழுப் பாதை. சிஸ்டம்டி சர்வீஸாகப் போட்டாலும் எக்செக்ஸ்டார்ட் வரியில் இதையேதான் எழுத வேண்டும். விஎஸ் கோடில் இன்டர்ப்ரிட்டர் தேர்ந்தெடுக்கும்போதும் இதே ஃபைலைக் காட்டுங்கள். புராஜெக்ட் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினால் .வென்வ் உடைந்துவிடும், அதற்குள் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும்.

சர்வர்_அறை:
24.04-க்கு மாறும்போது அப்கிரேட் கருவி பிபிஏக்களை அணைத்துவிடும். அங்கே சிஸ்டம் பைத்தானே 3.12 என்பதால் உங்களுக்கு டெட்ஸ்நேக்ஸ் பிறகு தேவைப்படாது. ஆனால் 3.10 கொண்டு போட்ட பழைய வென்வ் எதுவும் இருந்தால் அது போயிற்று, அது காட்டும் பைத்தான்3.10 அங்கே இருக்காது. 3.12 வென்வையும் அப்படியே நம்பாமல் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் என் வழக்கம், கொஞ்ச நேர வேலைதான். அதற்கு அப்கிரேட் தொடங்கும் முன்னால் ஒவ்வொரு வென்வுக்குள்ளும் நின்று பிப் ஃப்ரீஸ் கொடுத்து, வருவதை ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி ஃபைலில் எழுதி கிட்டில் சேர்த்துவிடுங்கள். .வென்வ் ஃபோல்டரை கிட்இக்னோரில் போட்டுவிட்டீர்களா என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், அது தவறிப்போய் கிட்டுக்குள் போயிருந்தால் உங்கள் நண்பர்களின் மெஷினில் அது ஓடாது.